ரெகுலரா, கரஸா? தொலைதூரக் கல்வி குறித்த மாணவர் மனநிலையும் காரைக்காலும்

காரைக்காலில் புதுச்சேரிப் பேருந்து ஏறுகிறவர் சற்று நேரத்திலேயே தம்முடைய பிரதேசத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறார். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வழிநெடுகத் தமிழ்நாடு. சுமார் 130 கிலோமீட்டர் கழித்துத்தான் மறுபடியும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் வருகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவருக்கு அங்கேயும் பயணம் முடிவதில்லை; அது நகரைத் தாண்டி வடக்கே காலாப்பட்டில் இருக்கிறது. ஏறத்தாழப் பாதி வழியில், சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஊரைக் கடந்துதான் வந்திருப்பார். ஆனால் அது பக்கத்து மாநிலத்தின் பல்கலைக்கழகம். உயர்கல்வியைப் பொறுத்தவரை காரைக்கால்காரருக்குத் தொலைவு என்பது நிலவியலும் நிர்வாகமும் சேர்ந்து செய்துவைத்த ஒன்று.

தொலைதூரக் கல்வியைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று உலகெங்கும் ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. வசதியாக இருக்கிறதா, திருப்தி தருகிறதா, இணையவழி வகுப்பு பிடிக்கிறதா என்று கேட்டு, விடைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, ‘மாணவர்கள் நேர்மறையான மனப்பாங்கு கொண்டுள்ளனர்’ என்றோ ‘மிதமான மனப்பாங்கு கொண்டுள்ளனர்’ என்றோ முடிப்பது அவற்றின் வழக்கம். காரைக்காலை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த முடிவுகளைப் படித்தால் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குவதாக எனக்குப் படுகிறது. மாணவர் முதலில் எடைபோடுவது இரண்டு விஷயங்களை. இந்தப் பட்டத்தை நாளைக்கு யார் மதிப்பார்கள்? படிக்கும்போது தடுக்கி விழுந்தால் கேட்பதற்கு எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா? அஞ்சலா, இணையமா, திரையா என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இது சிறிய கூட்டத்தின் கவலையும் இல்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020–21இல் நாட்டில் உயர்கல்வி பயின்றோர் ஏறத்தாழ 4.14 கோடிப் பேர். அவர்களில் 45.71 லட்சம் பேர் தொலைதூர முறையில் படித்தார்கள். அதில் பெண்கள் 20.9 லட்சம். உயர்கல்வி பயில்வோரில் ஒன்பது பேருக்கு ஒருவர் தொலைதூர மாணவர் என்று வைத்துக்கொள்ளலாம். உயர்கல்வி பற்றிய நம் விவாதங்களில் இந்த ஒன்பதாவது ஆள் அநேகமாக இடம்பெறுவதே இல்லை.

கல்லூரிகள் இருக்கும் ஊரில் கரஸ் எதற்கு?

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் பெற்ற இந்த நிலத்துண்டு, 1954 நவம்பரில் நிர்வாக அளவிலும் 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் இந்தியாவுடன் சேர்ந்தது. சேர்ந்த பிறகும் சுற்றியிருந்த தஞ்சை மாவட்டத்தோடு இணையாமல் புதுச்சேரியின் பகுதியாகவே நீடித்தது. இந்த அளவுள்ள ஓர் ஊருக்குக் கல்லூரிகள் குறைவு என்று சொல்ல முடியாது. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு அவ்வையார் அரசு கல்லூரி, பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி, பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜிப்மரின் கிளை, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம் என்று வரிசை நீளும்.

பிறகு ஏன் கரஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்பு? இளங்கலையை ஊரிலேயே முடித்துவிடலாம். வழி குறுகுவது அதற்கு மேல்தான். இளங்கலையில் உள்ள பாடங்கள் எல்லாவற்றுக்கும் முதுகலை உள்ளூரில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இடங்கள் சொற்பம். புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கவைக்கும் வசதி எல்லா வீட்டுக்கும் இல்லை. இருந்தாலும் பெண்ணை அனுப்ப மனம் வருவதில்லை. பிளஸ் டூவோடு நின்று கடையிலோ துறைமுகத்திலோ மருத்துவமனை அலுவலகத்திலோ வேலைக்குப் போய்விட்ட இளைஞருக்குப் பகல் கல்லூரி என்பது கதவு மூடிய இடம். கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் மறுபடி படிக்க நினைக்கும் பெண்ணுக்கும் அப்படியே.

தொலைவைச் சமாளிப்பதற்கென்றே பிறந்த பல்கலைக்கழகம் என்று புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானபோது அதன் எல்லைக்குள் புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம் ஆகியவற்றோடு அந்தமான் நிகோபார், லட்சத்தீவு ஆகிய இரு தீவுக் கூட்டங்களும் வந்தன. இத்தனை சிதறலான எல்லை கொண்ட பல்கலைக்கழகங்கள் நாட்டில் மிகக் குறைவு. அதன் தொலைதூரக் கல்வி இயக்ககம் 1995இல் தொடங்கியது. காரைக்கால், மாஹே, ஏனாம் மாணவர்களை நினைத்தால் அதைப் பத்தாண்டு முன்னதாகவே, பல்கலைக்கழகத்தோடு கூடவே, தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைத்தெருவில் இப்படியொரு உரையாடலைக் காரைக்காலில் அடிக்கடி கேட்கலாம். “எம்.காம். படிக்கிறியாமே, ரெகுலராம்மா?” என்பார் அப்பாவின் நண்பர். “இல்ல மாமா, கரஸ்ல போட்ருக்கேன்” என்பாள் பெண். “சரி சரி, சும்மா இருக்காம ஏதாவது படிக்கிறது நல்லதுதான்” என்று அவர் அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பில் ஒரு தீர்ப்பும் சேர்ந்திருக்கிறது. ரெகுலரில் படிப்பவர் படிக்கிறார். கரஸில் படிப்பவர் சும்மா இருக்காமல் இருக்கிறார். மாணவரின் மனப்பாங்கு என்று ஆய்வுகள் அளப்பதில் பெரும்பகுதி இந்த மாமாக்களின் மனப்பாங்குதான். அது வரன் பார்க்கும் இடத்தில் வேறு உருவத்திலும், நேர்காணல் மேசையில் வேறு குரலிலும் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது.

சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு

மக்களின் இந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. இந்தியாவில் தொலைதூரக் கல்வியின் வரலாற்றைப் பார்த்தவர் அப்படித் தள்ள மாட்டார்.

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. கல்லூரியில் இடம் கிடைக்காத, வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கான வழியாக அது முன்வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இந்த வழியில் இறங்கின. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இக்னோ என்ற சுருக்கப் பெயரிலேயே எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. இதனால் பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள், காவலர்கள், கடைச் சிப்பந்திகள் எத்தனையோ லட்சம் பேர் பட்டம் பெற்றார்கள். காவிரி டெல்டாவின் எந்தப் பள்ளிக்குப் போய் விசாரித்தாலும், அஞ்சல்வழியில் முதுகலை முடித்துப் பதவி உயர்வு பெற்ற ஒரு வாத்தியாராவது இருப்பார். அவருக்குக் கரஸ் இல்லாவிட்டால் எம்.ஏ. இல்லை. இந்தச் சாதனையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்களுக்குத் தொலைதூரக் கல்வி வருமான வழியாக மாறியது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தனியார் படிப்பு மையங்கள் முளைத்தன. நகலெடுக்கும் கடையின் மாடியில் பல்கலைக்கழகப் பெயர்ப்பலகை தொங்கிய காலம் அது. சேர்க்கைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள் உருவானார்கள். அதன்பின் ஒவ்வொன்றாக அடி விழுந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கொன்றில் உறுதிசெய்தது. அதே ஆண்டில் தமிழக அரசும் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் பட்டங்கள் அரசு வேலைக்கு ஏற்கப்படாது என்று ஆணையிட்டது. 2017 நவம்பரில், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கு அனுமதியின்றித் தொலைதூர முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் முடக்கியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுதேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. அந்த நான்கில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2022இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் அங்கீகாரம் உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பொது அறிவிப்பு வெளியிட்டது. பல்கலைக்கழகம் பிறகு அனுமதி பெற்றது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் அந்த அறிவிப்பைப் படித்தபோது எப்படித் தவித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புகளும் ஆணைகளும் பெரும்பாலும் சரியானவையே. தரமில்லாத பட்டத்தைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டனை யாருக்குப் போனது? படிப்பை விற்றவர்களை விட, வாங்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு பட்டம் செல்லாமல் போகக்கூடும் என்பதைக் கண்ணால் கண்ட சமூகம், “கரஸ்தானே” என்று சொல்வதில் வியப்பில்லை. அது பட்டறிவு.

தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யுஜிசி 2013இல் சொன்னது. 2022 செப்டம்பரில் மறுபடி சொன்னது. ஒன்றை இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அதை இன்னும் யாரும் முழுதாக நம்பவில்லை என்றே பொருள். வளைகுடாவுக்குப் போகத் திட்டமிடும் காரைக்கால் இளைஞருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கே சில நாடுகளில் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்கும்போது எந்த முறையில் படித்தார் என்பதையும் கேட்கிறார்கள். இந்திய அரசு சமம் என்று சொன்னது அந்த மேசையில் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது.

கேள்வித்தாள் எதைக் கேட்பதில்லை

மனப்பாங்கை அளப்பதற்கு ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொடுத்த அளவுகோலைத்தான் இன்றும் நம் எம்.எட்., பிஎச்.டி. ஆய்வுகள் பயன்படுத்துகின்றன. ‘முற்றிலும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். அதில் ஏதாவதொன்றில் டிக் போட வேண்டும். ‘தொலைதூரக் கல்வி எனக்கு வசதியாக உள்ளது’ என்ற வரிக்கு எதிரே, கல்யாணத்துக்குப் பிறகு படிக்கும் ஒரு பெண் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று போடுகிறாள். வேறு வழியே இல்லாத ஒருத்திக்கு இருக்கும் ஒரே வழி வசதியானதுதான். அவளுடைய டிக், இரண்டு வழியும் திறந்திருந்து இதைத் தேர்ந்தெடுத்த ஒருவருடைய டிக்கோடு சேர்த்துக் கூட்டப்படுகிறது. கிடைக்கும் சராசரி இருவரில் யாரையும் குறிப்பதில்லை.

சொல்வதும் செய்வதும் வேறு என்பது சமூகவியலில் பழைய பாடம். ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து, தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாக இருநூற்றைம்பது இடங்களுக்கு மேல் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது பதில் எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏற்க மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பின் மனப்பாங்குக் கேள்வித்தாளை அப்படியே நம்புவது கடினம். நம் விஷயத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். தொலைதூரக் கல்வி நல்லது என்று டிக் போடும் கல்லூரி மாணவர், தன் தம்பிக்கு இடம் தேடும்போது ரெகுலரில்தான் தேடுவார்.

சரி, தொலைதூர முறையில் கற்றல் உண்மையிலேயே மட்டமா? ராபர்ட் பெர்னார்டும் அவருடைய குழுவினரும் 232 ஒப்பீட்டு ஆய்வுகளைத் திரட்டி 2004இல் வெளியிட்ட பகுப்பாய்வு இதற்கு ஒரு நல்ல விடை தருகிறது. சராசரியாகப் பார்த்தால் வகுப்பறைக்கும் தொலைதூர முறைக்கும் வேறுபாடு பூஜ்யத்துக்கு அருகில். ஆனால் அந்தச் சராசரிக்குள் சிதறல் மிகப் பெரிது. சில இடங்களில் தொலைதூர மாணவர் வெகுவாக முந்தினார். சில இடங்களில் வெகுவாகப் பின்தங்கினார். எப்படி நடத்தினார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது. ரெகுலர் உயர்வு, கரஸ் தாழ்வு என்ற வரிசைக்கு இதில் ஆதாரம் இல்லை. எப்படி நடத்தினாலும் சரி என்பதற்கும் இல்லை.

2020 கலக்கிவிட்ட குட்டை

2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கம் வந்தது. கல்லூரி வகுப்புகள் கூகுள் மீட்டுக்கும் ஜூமுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போயின. அதற்குப் பின் வந்த மனப்பாங்கு ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த அனுபவத்தைத் தொலைதூரக் கல்வி என்று எடுத்துக்கொண்டன. இது பெரிய பிழை. நேரடி வகுப்புக்கென்று அமைத்த பாடத்தை ஒரே வாரத்தில் திரைக்கு மாற்றியதை ‘அவசரகாலத் தொலைக் கற்பித்தல்’ என்று தனியாகப் பிரிக்க வேண்டும் என்று சார்லஸ் ஹாட்ஜஸும் சில அமெரிக்கக் கல்வியாளர்களும் அந்த மார்ச் மாதத்திலேயே எழுதினார்கள். நம் ஆய்வாளர்கள் பலர் அந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

நாட்டின் நிலைமையும் தெரிந்ததே. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று (2017–18) ஊரக வீடுகளில் 4.4 சதவீதத்தில்தான் கணினியும், 14.9 சதவீதத்தில்தான் இணைய வசதியும் இருந்ததாகச் சொல்கிறது. நகர்ப்புறத்தில் இவை 23.4, 42. தமிழ்நாட்டு அரசு 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா தரும் கார்டு அறிவித்தது. அது நான்கு மாதத்துக்கு. காரைக்காலின் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பாடம் என்பது வீட்டில் இருந்த ஒரு போன். காலையில் அண்ணனுக்கு, மதியம் தங்கைக்கு என்று முறை வைத்து, பகல் முழுக்க சார்ஜ் ஏறியபடி இருக்கும் அந்த போனில் மொட்டைமாடிக்கு ஏறினால்தான் சிக்னல். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் மைக்கைத் திறந்து “பிரசென்ட் சார்” சொல்லிவிட்டு மறுபடி மியூட். 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது; அடுத்த வாரமே புரெவி டெல்டாவை மழையில் மூழ்கடித்தது. வடகிழக்குப் பருவமழையில் கரன்ட் போவதும் நெட்வொர்க் போவதும் இந்தக் கரைக்குப் பழக்கம். இணையத்தை நம்பி நடக்கும் எந்தப் பாடத்திட்டமும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் வெறுத்தது திட்டமிட்டு நடத்தும் தொலைதூரக் கல்வியை என்று சொல்ல முடியாது. திட்டமில்லாமல் வந்து விழுந்த ஒன்றை வெறுத்தார்கள். விளைவாக இரண்டின் மீதும் சேர்ந்தே ஐயம் படிந்துவிட்டது. 2021 மே மாதத்தில் யுஜிசி, பாடங்களில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று கலப்புமுறைக் கற்றலுக்கான கருத்துருவை வெளியிட்டபோது மாணவர்களும் ஆசிரியர்களும் அதை அச்சத்தோடு பார்த்ததற்கு இதுவும் காரணம்.

நூற்றிருபது மணி நேரம்

தொலைதூரப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரம் என்பது கணக்கு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஆண்டில் எட்டுப் பாடங்கள் என்றால் 960 மணி. தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளும் தவறாமல் உட்கார வேண்டும். கடை மூடி வீட்டுக்கு வர இரவு பத்தாகும் ஒருவர் இந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? “அசைன்மென்ட் எழுதிட்டேன், எக்ஸாமுக்கு முன்னாடி பத்து நாள் லீவு போட்டுப் பாத்துக்கலாம்” என்பதுதான் நடைமுறை. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அவருடைய ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

அவர் கைக்கு வரும் பாடப்புத்தகத்தைப் பாருங்கள். தானே கற்கும் வகையில் அமைத்தது என்று பெயர். அலகின் தொடக்கத்தில் நோக்கங்கள், நடுநடுவே உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கேள்விகள், எழுதிப் பார்க்கச் சில கோடுகள், கடைசியில் விடைக்குறிப்பு. நல்ல கைகளில் இது அருமையான வடிவம்; ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும். இக்னோவின் சில பாட நூல்கள் ரெகுலர் மாணவர்களும் போட்டித் தேர்வு எழுதுபவர்களும் தேடிப் படிக்கும் அளவுக்குச் சிறந்தவை. வேறு சில நூல்களோ அவசரத்தில் தட்டச்சு செய்த வகுப்புக் குறிப்புகள். தமிழ்வழி நூல் என்றால் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது, முழுசாகப் படித்தாலும் எழுவாய் எங்கே என்று தெரியாது. கோடு போட்ட இடங்கள் வெறுமையாகவே இருக்கும். கோடிட்ட இடத்தில் எழுதி யாருக்குக் காட்டுவது?

மைக்கேல் மூர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுபதுகளிலேயே இதைத்தான் சுட்டினார். தொலைதூரக் கல்வியில் உள்ள தூரம் கிலோமீட்டரில் அளப்பதில்லை; ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம் என்பவற்றால் அளப்பது என்றார். முந்நூறு பேர் அமர்ந்த வகுப்பறையின் கடைசி பெஞ்சும் தொலைதூரம்தான். கேள்விக்கு இரண்டு நாளில் பதில் எழுதும் ஆசிரியர் இருந்தால் மாஹேயும் காலாப்பட்டுக்குப் பக்கம்தான். மாணவரும் ஆசிரியரும் நேரில் சந்திக்கும் தொடர்பு வகுப்புகள் இந்த உரையாடலுக்கான இடமாக இருக்க வேண்டியவை. வேறு கல்லூரியின் வகுப்பறையில், வார இறுதியில், வேறு கல்லூரியின் விரிவுரையாளர் வந்து மொத்தப் பாடத்தையும் சில மணி நேரத்தில் ஓட்டிவிட்டுப் போகும்போது அந்த உரையாடல் நடப்பதில்லை. அசைன்மென்ட்டிலும் அதே கதை. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. பக்கம் பக்கமாகக் கையால் எழுதி அனுப்பியது, ஒரு சிவப்பு எண்ணோடு திரும்புகிறது. பல நேரம் திரும்புவதே இல்லை. என்ன தவறு என்று ஒரு வரி எழுதித் திருப்பினால் அந்த மாணவரின் மனப்பாங்கு மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலகம் முழுக்க இலவச இணையப் படிப்புகள் வந்தபோது கல்லூரிக் கட்டடங்களுக்கே வேலையில்லை என்றார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய எட்எக்ஸ் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையின்படி, 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம். நம் நாட்டின் சுவயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கியது; அதிலுள்ள விரிவுரைகள் பலவும் தரமானவை. விரிவுரை கிடைக்காதது ஒருபோதும் முதன்மைச் சிக்கலாக இருந்ததில்லை. படிக்கிறாயா, எங்கே நிற்கிறாய் என்று கேட்க ஆள் இல்லாததுதான்.

வாஞ்சூரைத் தாண்டினால் வேறு சட்டம்

காரைக்காலின் தெற்கு எல்லையான வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். கல்யாணம், மருத்துவம், மளிகை எதற்கும் யாரும் அந்த எல்லையைக் கவனிப்பதில்லை. படிப்பு மட்டும் கவனிக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி 2013இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 விதிகளிலும் அது தொடர்கிறது. ஊர் ஊராக மையம் திறந்து விற்ற பல்கலைக்கழகங்களை அடக்க இது தேவைப்பட்டது. ஆனால் மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்து, கிழக்கே கடல் மட்டும் உள்ள ஒரு பகுதிக்கு இது என்ன செய்யும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ்வழியில் படிக்க விரும்பித் தமிழ்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ அண்ணாமலையிலோ சேரும் காரைக்கால் மாணவர், தொடர்பு வகுப்புக்கும் தேர்வுக்கும் நாகப்பட்டினமோ மயிலாடுதுறையோ போக வேண்டும். முழுவதும் இணையவழியில் நடக்கும் பட்டப் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதற்கு மடிக்கணினியும் தடையில்லாத இணையமும் வேண்டும். வசதியுள்ளவருக்கு எல்லை இல்லை, இல்லாதவருக்கு உண்டு என்பதில் வந்து முடிகிறது.

எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி என்பதை மாணவரே யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி என்ற எண்ணும் கட்டாயம். ஏமாற்றைத் தடுக்க இவை உதவும். ஆனாலும் வீட்டில் முதல் பட்டதாரியாக வரப்போகும் ஒருவர் இதையெல்லாம் தனியாகச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால்தான் இன்னமும் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் சேர்க்கை ஆலோசகர்.

இதற்குச் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்தில் நூலகமும் கணினி அறையும் இருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூர மாணவராக இருந்தாலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து உட்கார அவற்றைத் திறந்துவிடலாம். சேர்க்கைக் காலத்தில் எது அங்கீகாரம் பெற்ற படிப்பு என்று சொல்ல அங்கே ஒரு ஆள் உட்காரலாம். புதுச்சேரி அரசும் தமிழ்நாட்டு அரசும் பேசி, காரைக்கால், மாஹே, ஏனாம் போன்ற சூழப்பட்ட பகுதிகளுக்கு எல்லை விதியில் விலக்கு கேட்கலாம். மையத்தைத் தனியாரிடம் விடாமல் அரசுக் கல்லூரிக்குள் வைத்தால் விதியின் நோக்கமும் கெடாது.

நாள்காட்டியையும் உள்ளூர்க் கண்ணால் பார்க்க வேண்டும். தொடர்பு வகுப்பு சனி, ஞாயிறு என்பது எங்கும் வழக்கம். சனீஸ்வரன் கோயில் உள்ள திருநள்ளாற்றில் கடை, விடுதி, பூசைப்பொருள், வண்டி என்று பிழைக்கும் குடும்பங்களுக்கு வாரத்திலேயே கூட்டம் மிகுந்த நாள் சனிக்கிழமை. அந்த வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் ஆர்வமில்லை என்று பதிவேடு சொல்லும். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் கணக்கு வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகில் போகும் இளைஞருக்கு ஆண்டில் தொடர்ச்சியாகக் கரையில் கிடைக்கும் நேரம் அதுதான். தீவிர வகுப்புகளை அந்த இரண்டு மாதத்தில் வைத்து, தேர்வை ஜூன் 14க்குள் முடித்துவிட்டால், வலை வேலைக்கும் பரீட்சைக்கும் நடுவே ஒன்றை விட வேண்டிய நிலை அவருக்கு வராது. இப்போது பல பல்கலைக்கழகங்களின் தேர்வு ஜூனில் தொடங்கி ஜூலை வரை இழுக்கிறது.